இம்போர்ட் கொடுத்தா வந்துடுமாம்!

வரைந்து கொடுத்த படத்தை அசைய வைக்கும் அனிமேஷன் வேலை எனக்கு. படத்தின் ஃபைலை அனிமேஷன் மென்பொருளுக்குள் கொண்டுவருவதற்குப் பெயர் இம்போர்ட். அதற்காக ஃபைலைச் சரிசெய்யும் வேலைக்கான காசைப் பற்றி நேற்று இணையத்தில் ஒரு கூத்து. "ஃபைலைத்தான் கொடுத்துட்டாங்களே, இம்போர்ட் கொடுத்தா வந்துடப் போவுது. அதுக்கு ரெண்டு நாளா? அதுக்குத் தனிக் காசா?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டாரே, அதுதான். அதற்கு லைக் போட்டவர்களில் 4 பேர் எனக்கு வேலை கொடுத்தவர்கள்.

வரும் சார். கண்டிப்பா வரும். எப்படி வரும் என்பதுதான் விஷயம்.

ஒரு பொம்மையின் கை, கால், கண், வாய் எல்லாம் படம் வரையும் இல்லஸ்ட்ரேட்டரில் ஒரே லேயருக்குள் (அடுக்குக்குள்) குரூப் குரூப்பாகக் கிடந்தால், அசைய வைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மொத்தமும் ஒரே துண்டாக வந்து விழும். கண் சிமிட்டணும் என்றால் இமை தனி லேயராக இருக்கணும். ஒவ்வொன்றாகப் பிரிக்கணும், பெயர் வைக்கணும், அச்சுக்குப் போட்ட சிஎம்ஒய்கே நிறத்தைத் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றி மறுபடி சரிபார்க்கணும். இத்தனைக்கும் சேர்த்து உங்கள் ஊரில் பெயர் 'இம்போர்ட்'.

இதாவது பரவாயில்லை. வெக்டர், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத படம் கேட்டால், வாட்ஸ்அப்பில் வந்த 300 பிக்சல் ஜேபெக் படத்தை இல்லஸ்ட்ரேட்டரில் ஒட்டி, அதன் '.ai' ஃபைலாக சேவ் செய்து அனுப்புகிறார்கள். கழுதைக்குக் கோடு போட்டால் வரிக்குதிரையா? வீடியோவுக்காக 1920 பிக்சல் அகலத்துக்கு இழுத்தால் கொழகொழவென்று ஆகிறது. ஜேபெக்கில் பின்னால் இருப்பது தெரிய விடும் டிரான்ஸ்பரன்ஸியும் கிடையாது, லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி நிற்கும். பொம்மையின் கையை வெட்டி எடுத்தால் தோளில் ஓட்டை. அந்தத் தோளை யார் வரைவது? நான்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அவுட்லைன் ஆக்காமல், அதாவது எழுத்தை வடிவமாக மாற்றாமல் அனுப்பிய புண்ணியவானும் உண்டு. மணமகன் பெயர் அந்த எழுத்துரு இல்லாத என் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறந்தது.

"இமேஜ் ட்ரேஸ் ஒரே க்ளிக்தானே?" படத்தை வெக்டராக்கும் வசதி அது, க்ளிக் ஒன்றுதான். மங்கிய படத்தில் அடித்துப் பாருங்கள், அது தரும் பிசிறைத் துடைக்கவே ஒரு பொழுது போகும். "இப்பதான் ஏஐ இருக்கே?" அதையே கூப்பிட்டுக்கோங்க. "முதல்லயே சொல்லியிருக்கலாமே?" இது நியாயம். ஆனால் ஃபைல் எப்படி வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி எல்லாருக்கும் அனுப்புகிறேன். 'ஓகே ப்ரோ' என்று கட்டைவிரல் போட்டுவிட்டு மறுபடி ஜேபெக்.

என் அப்பா சுவர் விளம்பரம் எழுதியவர். கையகலப் படத்தில் பென்சிலால் கட்டம் போடுவார். பிறகு 10 அடிச் சுவரில் நூல் அடித்து, அதே கட்டங்களைப் பெரிதாகப் போடுவார். அதற்கே ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கூலி கேட்டால், "இன்னும் பெயிண்டே தொடலையேப்பா" என்பார் கடைக்காரர். அப்பா பேசமாட்டார். விரலிடுக்கில் சுண்ணாம்போடு வீட்டுக்கு வருவார், அவ்வளவுதான். பெயிண்ட் தொட்ட நாளுக்கு மட்டும்தான் அவருக்குக் கூலி.

நான் அப்பா மாதிரி இல்லை. இந்த மாதத்திலிருந்து என் பில்லில் முதல் வரியே 'ஃபைல் சரிசெய்தல், 2 நாள்' என்றுதான் இருக்கும். லைக் போட்ட அந்த 4 பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.