பொறுத்துக்கோ, இல்லன்னா எடுத்துடு

நம் வீடுகளில் மாதவிலக்குத் தொல்லைக்கு இரண்டே வைத்தியம்தான். நாற்பது வயது வரை ‘பொறுத்துக்கோ’. அதற்கப்புறம் ‘எடுத்துடு’. என் பெரியம்மா, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று கர்ப்பப்பை எடுத்தவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டால், “சத்து மாத்திரை” என்பார்கள்.

“எவ்வளவு போகுது?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் “எல்லாருக்கும் போற மாதிரிதான்” என்றுதான் பதில் வரும். மற்றவருக்கு எவ்வளவு போகிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதவிலக்குக்கு 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்கிறது மருத்துவம். அளந்தா பார்க்க முடியும்? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் நனைந்துபோனால், தூக்கத்தில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், பெரிய பெரிய கட்டியாகப் போனால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் அது அதிகம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. உடனே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று ஆரம்பித்துவிடுவோம். பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், நல்லது. (அதில் சில ஜன்னல் வழியாகப் போவது தனிக்கதை.) உள்ளே போவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், வெளியே போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், படிப்பில் மனம் நிற்காதது எல்லாம் இரும்புச்சத்து குறைந்தாலும் வரும். வீட்டில் கிடைப்பதோ சோம்பேறிப் பட்டம்.

வேலையிடத்தில் இன்னும் மோசம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்கள், வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் கட்ட முடியாமல் இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியானது. அதே ஆண்டுதான், தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வயிற்றுவலி என்ற பெண்களுக்குப் பெயர்கூட இல்லாத மாத்திரை கொடுத்ததும் வெளியே வந்தது. மிஷின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அக்கறை.

பொறுப்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது. போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில். எதைக் கொடுப்பது என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். வயதுக்கு வந்ததிலிருந்தே அதிகமாகப் போகிற பிள்ளைக்கு ரத்தம் உறைவதிலேயே கோளாறு இருக்கலாம். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் வந்ததா, அடிக்கடி மூக்கில் வருகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே நாப்கின் கணக்கையும் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. தாத்தா பார்த்தால் பார்க்கட்டும்.