பழைய கடிதங்களைப் பதிப்பது குமாஸ்தா வேலையா?

பழைய லத்தீன் கடிதங்களைத் தேடித் தொகுத்து அடிக்குறிப்பு போடுவதெல்லாம் ஆராய்ச்சியா, குமாஸ்தா வேலைதானே என்று கேட்பவர்கள் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கோட்பாடு பேசினால் அறிஞர், பதிப்பித்தால் உதவியாளர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பெர்சி ஸ்டாஃபர்ட் அலன் என்றொரு ஆங்கிலேயர். 1897 முதல் 1901 வரை லாகூர் அரசுக் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். மனசெல்லாம் 16-ஆம் நூற்றாண்டு டச்சு அறிஞர் எராஸ்மஸின் லத்தீன் கடிதங்களில்தான். இங்கிலாந்து திரும்பியபின் அதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். முதல் தொகுதி 1906-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளிவந்தது. 1933-இல் அவர் இறந்தபோது ஏழு தொகுதிகள்தான் வந்திருந்தன. மனைவி ஹெலனும் நண்பர் கேரடும் தொடர்ந்தார்கள். கடைசியாக அடைவுத் தொகுதி வந்தது 1958-இல். ஆக மொத்தம் 52 வருடம்.

அப்படி என்ன வேலை? எராஸ்மஸ் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 3,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. பலவற்றில் நாளும் மாதமும் இருக்கும், வருடம் இருக்காது. பிற்பாடு அச்சுக்குப் போகும்போது வருடம் சேர்த்தார்கள். அதில் நிறைய தப்பு. அப்போது அவர் லூவேனில் இருந்தாரா, பாசலில் இருந்தாரா? எந்த நூல் அச்சில் இருந்தது? கடிதத்தில் வரும் கொள்ளைநோய் எந்த ஊரில், எந்த வருடம்? இப்படி ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் வரிசைப்படுத்த முடியும். ஒரு கடிதம் இரண்டு வருடம் தள்ளிப்போனால் ஒரு நட்பு முறிந்த காரணமே மாறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாரிஸில் பூதே, லண்டனில் தாமஸ் மோர் என்று ஊருக்கு ஊர் இருந்த அறிஞர்களை லத்தீன் இணைத்தது. ஆனால் அந்தக் கடிதங்கள் இரண்டு பேருக்குள் முடிகிற சங்கதி இல்லை. பிரதி எடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள். எராஸ்மஸே தன் கடிதங்களைத் திருத்தி நூலாக வெளியிட்டார். கடிதம் எழுதுவது எப்படி என்று 1522-இல் ஒரு பாடநூலே போட்டவராயிற்றே! அதனால் கையெழுத்துப் பிரதிக்கும் அச்சுக்கும் உள்ள பாடபேதம் வெறும் எழுத்துப்பிழைக் கணக்கு அல்ல. உலகம் தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார் என்பதற்கு அங்கேதான் தடயம் இருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது குமாஸ்தா வேலையா?

ஒரு சுவாரசியமான விஷயம். ஆக்ஸ்ஃபோர்டின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி 1517-இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் கிளேமண்டுக்கு 1519-இல் எழுதிய கடிதத்தில் அதன் மும்மொழி (லத்தீன், கிரேக்கம், எபிரேயம்) நூலகத்தை எராஸ்மஸ் புகழ்கிறார். 1924-இல் அதே தலைவர் பதவிக்கு வந்தவர் அலன்.

இன்று ஒரு இளைஞர் இப்படியொரு திட்டத்தோடு வந்தால் மூன்று வருட நிதிக்குள் முடியுமா, எத்தனை கட்டுரை வரும் என்றுதான் முதலில் கேட்பார்கள். குழுவாகச் செய்யலாமே என்றால், செய்யலாம். எராஸ்மஸுக்குப் பிந்தைய அறிஞர் ஸ்காலிஜரின் கடிதங்கள் 2012-இல் ஜெனீவாவில் எட்டுத் தொகுதிகளாக அப்படித்தான் வந்தன. ஆனால் அந்தக் குழுவுக்கும் லத்தீனும் பழைய கையெழுத்தும் தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்தப் படிப்புக்கு நிரந்தர வேலை கொடுக்காமல் ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது?

எராஸ்மஸைப் பற்றி எழுதுகிறவர்கள், கோட்பாட்டாளர்கள் உட்பட, கடிதங்களுக்கு இன்றும் அலன் கொடுத்த எண்ணைத்தான் போடுகிறார்கள். ஹெலனின் பெயர் பிந்தைய தொகுதிகளின் தலைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ‘அலன்’ என்று மேற்கோள் காட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது இரண்டு பேர் என்று தெரியும்?