கையில் தேய்க்கிற திரவம் ஏமாற்று வேலை அல்ல

“வாட்டில் நேர்ஸ்மார் சோப்புப் போடுறதே இல்ல, ஏதோ தண்ணியத் தேய்ச்சு ஏமாத்துறாங்க.” திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. இரவிரவாக நிற்கிறவர்கள் மீது வீண்பழி.

அது கிருமி கொல்லும் அற்ககோல் கலந்த திரவம். கையில் அழுக்குத் தெரியாதபோது அதையே முதலில் பரிந்துரைக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. விரலிடுக்கு, பெருவிரல், நகநுனி எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி, காயும்வரை தேய்க்க வேண்டும். அழுக்கோ இரத்தமோ பட்டால் சோப்பும் தண்ணீரும்தான்.

ஜெனீவாவில் 1994 முதல் இந்தத் திரவம் தேய்க்கும் பழக்கத்தை வளர்த்த மருத்துவமனையில் நோயாளருக்கு அங்கேயே கிருமி தொற்றுவது 16.9 வீதத்திலிருந்து 1998இல் 9.9 வீதமாகக் குறைந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது கையுறையை; கிருமி அதிலும் ஒட்டிவரும். அதே கையுறையோடு அடுத்த கட்டிலுக்கு வந்தால், “மிஸ், கையுறைய மாத்துறீங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.