பேண்டு மாஸ்டரை ஆகஸ்ட் 1-ஆம் தேதி தேடாதீங்க

ஆகஸ்ட் பிறந்தால்தான் நம்ம கொங்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்குப் பேண்டு மாஸ்டர் ஞாபகம் வருகிறது. "பதினஞ்சாந் தேதிக்குள்ள பசங்கள ரெடி பண்ணிக் குடுத்துருங்க மாஸ்டர்" என்று ஒரு போன். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் பாதி டிரம்மில் தோல் தொய்ந்திருக்கும், பியூகிள் என்னும் ஊதுகொம்புக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். அவரும் இரண்டு வாரம் தொண்டை கிழியக் கத்தி எதையோ ஒப்பேற்றுவார். கொடியேற்றம் முடிந்ததும் ஒரு சால்வை. அடுத்த போன் பொங்கல் கழித்து, குடியரசு தினத்துக்கு.

இப்படி வைத்துக்கொண்டு "நம்ம பேண்டு சரியில்ல" என்று சொல்வதில் நியாயமே இல்லை.

இந்த மாஸ்டர்களில் சிலர் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்திலோ போலீஸ் பேண்டிலோ வாசித்து ஓய்வு பெற்றவர்கள். சிலர் சர்ச்சில் டிரம்பெட் கற்றவர்கள். நிறைய இடத்தில் பி.டி. சாரேதான் மாஸ்டர். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பேண்டு ஒரு பாடம். கால அட்டவணையில் அதற்குப் பீரியட் உண்டு, மதிப்பெண் உண்டு, பெரும்பாலும் அதற்கென்றே ஓர் ஆசிரியரும் உண்டு. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஜூன் மாதமே கூப்பிட்டு வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 40 நிமிடம் கொடுத்தால் போதும்.

அந்த ஜூனில் என்ன நடக்க வேண்டும்? முதல் மூன்று வாரம் டிரம்மே கையில் கொடுக்கக் கூடாது. பழைய டயர் ரப்பரை ஒரு சாண் சதுரமாக வெட்டி பெஞ்சில் வைத்து ஸ்டிக்கைக் கொடுக்க வேண்டும். இடது கைப் பிடிதான் எல்லாக் கோளாறுக்கும் தொடக்கம். உள்ளங்கை மேலே பார்க்க, ஸ்டிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டையில் உட்கார்ந்து, மோதிர விரலின் மேல் படிந்து போக வேண்டும். சைடு டிரம்மை வலது தோளிலிருந்து இடுப்பின் இடப்பக்கமாகத் தொங்கவிடும்போது அதன் இடது விளிம்பு உயர்ந்து சாய்ந்து நிற்கும், அதற்காகத்தான் இந்தப் பிடி. இதைச் சொல்லிக் கொடுக்காமல் டிரம்மை மாட்டிவிட்டால் பிள்ளை முழங்கையைத் தூக்கித் தூக்கி அடிக்கும், பத்து நிமிடத்தில் முன்கை கடுக்கும்.

அப்புறம் 'டாடி-மம்மி'. வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டாவது அடி செத்துப் போகும். டா பலமாக விழும், டி கேட்கவே கேட்காது. ஆகையால் பயிற்சியில் வேண்டுமென்றே இரண்டாவது அடியை அழுத்த வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 60-ல் தொடங்கி, நாலு அடியும் ஒரே மாதிரி கேட்ட பிறகுதான் வேகம் கூட்டலாம். ஆகஸ்டில் கூப்பிட்ட மாஸ்டருக்கு இதற்கு நேரமே இருக்காது. அவர் நேராக 120-க்குப் போவார், இந்த அடியை விடாமல் வேகமாக ஓட்டும் ரோல், கேட்பவனுக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருக்கும்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு விசேஷம் உண்டு. மாரியம்மன் நோம்பியில் ஜமாப்பும் பறையும் உறுமியும் கேட்டு வளர்ந்த காது அது. மூன்று மூன்றாக ஓடும் நடை அந்தக் காதில் ஊறிக் கிடக்கிறது. நேர் நடையில் மார்ச் வாசிக்கச் சொன்னால் கை தன்னாலே ஆட்டத்துக்கு இழுக்கும். இதைத் தப்பென்று திட்டுகிற மாஸ்டர் இருக்கிறார், அது வீண். மார்ச்சிலேயே ஒரு காலடிக்கு மூன்று விழுகிற வகை உண்டு. இடது காலுக்கு ஒரு 'தகிட', வலது காலுக்கு ஒரு 'தகிட' என்று வாயால் சொல்லிக்கொண்டு நடக்க வைத்து, அது கூடிவந்த பிறகு நாலு விழும் 'தகதிமி'க்கு மாற்றினால் ஒரு மாத வேலை பத்து நாளில் முடியும். இதைத் தெரிந்து செய்கிற மாஸ்டர் கிடைத்தால் பள்ளிக்கூடம் அவரைக் கையோடு பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

பியூகிள் பற்றி நிர்வாகங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். அதில் சுரத்தை மாற்றும் வால்வு கிடையாது. பள்ளிப் பிள்ளையின் உதட்டுக்குக் கிடைப்பது கீழிருந்து மேலாக ச, ப, ச, க, ப, இந்த ஐந்துதான். "பியூகிள்ல தமிழ்த்தாய் வாழ்த்து வாசிக்கச் சொல்லுங்க" என்றால் மாஸ்டர் எங்கே போவார்? அது மோகன ராகம், ரி வேண்டும், த வேண்டும், இரண்டும் அதில் இல்லை. போதாததற்கு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை 55 வினாடியில் வாய்ப்பாட்டாகப் பாடத்தான் சொல்கிறது. தேசிய கீதத்தை பேண்டில் வாசித்தே ஆக வேண்டுமென்றால் கிளாரினெட், டிரம்பெட், புல்லாங்குழல் என்று ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். அதற்கும் 52 வினாடிதான் கணக்கு, இழுக்கக் கூடாது.

மைதானத்தில் நிற்கும் இடமும் மாஸ்டர் முடிவு செய்ய வேண்டியது. ஆகஸ்டில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் சொல்லவே வேண்டாம். பேண்டைக் கிழக்கே நிறுத்தினால் பியூகிள் சத்தம் காங்கேயத்துக்குப் போகும், மேடைக்கு வராது. மேற்கே நிறுத்த வேண்டும்.

அடுத்தது தூரம். குயிக் மார்ச்சில் நிமிடத்துக்கு 120 அடி, அதாவது அரை வினாடிக்கு ஒரு காலடி. சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அப்படியானால் 85 மீட்டர் தள்ளி நடக்கும் பிள்ளைக்கு பாஸ் டிரம் (பெரிய டிரம்) அடி கால் வினாடி தாமதமாக, காலைத் தூக்கும் நேரத்தில் கேட்கும். 170 மீட்டர் தள்ளி இருப்பவனுக்கு இடது காலுக்கான அடி வலது காலுக்கு வந்து சேரும். கடைசி அணி கால் மாற்றிப் போவதற்கு இதுதான் காரணம், அந்தப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தித் தண்டிப்பது பாவம். பேண்டை அணிவகுப்புப் பாதையின் நடுவுக்கு நேராக நிறுத்தி, பின்னால் வருபவர்களை முன்னால் இருப்பவர் காலைப் பார்த்து நடக்கச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

சிம்பலை, அதாவது ஜோடித் தாளத் தட்டுகளை, தட்டையாக நேருக்கு நேர் அடிக்கக் கூடாது. நடுவில் காற்று அடைபட்டு 'பொக்'கென்று சத்தம் செத்துப் போகும், நாளடைவில் விரிசலும் விடும். சற்றுச் சாய்த்து உரசினாற்போல் அடிக்க வேண்டும். நடக்கும்போது சைடு டிரம் தொடையில் இடித்து இடித்துக் கன்றிப் போகும். ஒரு துண்டை நாலாக மடித்து உள்ளே கட்டிவிடுங்கள், பிள்ளை பொறுத்துக்கொண்டு வெளியே சொல்லாது.

ஆளெடுப்பு ஏழாம் வகுப்பில் நடக்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள், மார்க்குக்குப் பேர்போன நாமக்கல் பக்கம் ஒன்பதிலேயே நிறுத்துவார்கள். ஏழில் சேர்ந்தவன் எட்டில் வாசிப்பான், ஒன்பதில் ஏழாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுப்பான். மாஸ்டர் வராத நாளிலும் அந்தப் பையன் பயிற்சி நடத்துகிறானா என்று பாருங்கள். நல்ல மாஸ்டரின் வேலை அங்கேதான் தெரியும், அலமாரிக் கோப்பையில் அல்ல. பத்துக் கோப்பை வாங்கிய பள்ளியில்கூட, மாஸ்டர் நின்ற மறு வருடமே பேண்டு படுத்துவிடுகிறது. கை மாறிப் போகாத வித்தை ஒரு ஆளோடு முடிந்தது.

இன்னொன்று, மாஸ்டரின் நோட்டு. பெரும்பாலும் அவரே 'டம் டக் டரக்' என்று எழுதி வைத்த ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். எந்த மார்ச்சுக்கு எந்த அடி, ரோல் எத்தனை காலடிக்கு, நிறுத்துவதற்கான பாஸ் டிரம் டபுள் அடி எங்கே, எல்லாம் அதில் இருக்கும். அவரிடம் கேட்டு ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு தொகையும் கொடுங்கள், அது அவர் உழைப்பு.

ஆகஸ்ட் 16 காலையில் அறையைப் பூட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சைடு டிரம்மில் தோலை இறுக்கும் எட்டு போல்ட்டையும் எதிரெதிர் வரிசையில் அரைச் சுற்று தளர்த்த வேண்டும், ஒரே பக்கமாகத் தளர்த்தினால் வளையம் கோணிப் போகும். அடியிலுள்ள சுருள் கம்பியையும் தளர்த்திவிடுங்கள். பியூகிளில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அலசி, வாய்ப்பகுதியைத் தனியே கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். நிக்கல் முலாம் பூசியதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். இந்த வேலையை அட்டெண்டரிடம் விடாமல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள், பக்கத்தில் மாஸ்டர் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரட்டும். அந்த அரை மணிக்கும் அவருக்குச் சம்பளம் போடுங்கள்.