கெய்தோண்டேவை யாரும் கண்டுகொள்ளவில்லையா?

வி.எஸ். கெய்தோண்டே என்ற இந்திய ஓவியர் வரைந்த ஓவியம் ஒன்று ஏலத்தில் கோடிகளுக்குப் போனதும் என் டைம்லைனில் இரண்டு விதமான பதிவுகள் வந்துவிடும். ஒன்று, "இதை என் பையனே வரைவானே". இன்னொன்று, "உயிரோடு இருந்தவரை சீண்ட ஆளில்லை, செத்த பிறகு கொண்டாடுகிறார்கள்". முதல் ஆளோடு எனக்குச் சண்டையே இல்லை, பையன் வரையட்டும், நல்லதுதானே. இரண்டாவதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல.

1924இல் நாக்பூரில் பிறந்த மனுஷன். 1948இல் பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் டிப்ளமோ முடிக்கிறார், இரண்டே வருஷத்தில் பம்பாயின் நவீன ஓவியர்கள் சேர்ந்து நடத்திய முற்போக்கு ஓவியர் குழுவினர் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். 1957இல் டோக்கியோவில் இளம் ஆசிய ஓவியர் கண்காட்சியில் முதல் பரிசு. 1964இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை தந்த நல்கையில் நியூயார்க், 1971இல் பத்மஸ்ரீ. இதுவா சீண்டப்படாத வாழ்க்கை? கூட வரைந்தவர்களுக்கு அவர் யாரென்று முப்பது வயதுக்குள்ளேயே தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. உருவங்களே இல்லாமல் வரைகிற அரூப ஓவியருக்குப் பெயர் எப்போதும் அப்படித்தான் பரவும்: முதலில் சக ஓவியர்கள், அப்புறம் நாலைந்து சேகரிப்பாளர்கள், ரொம்பக் கழித்துச் செய்தித்தாள். வரிசையில் கடைசியாக வந்து நின்றுகொண்டு "முன்னால் ஒருத்தருமே இல்லை" என்றால் எப்படி?

டெல்லி தேசிய நவீனக் கலைக் கூடத்தில் அவருடைய கேன்வாஸைப் பார்த்தபோது நானும் முதலில் நிற்காமல் நடந்துவிட்டேன், பொய் சொல்வானேன். உருவத்தைத் தேடிப் பழகிய கண், கிடைக்கவில்லை என்றதும் நகர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் கவனித்தேன், சாயம் பூசிய மாதிரி இல்லை, ஒட்டிப் பிய்த்தெடுத்த மாதிரி சின்னச் சின்ன ஓரங்கள், அடியில் வேறொரு நிறம், அதற்கும் அடியில் இன்னொன்று. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: ரோலரும் சாயக் கத்தியும் வைத்து அடுக்கடுக்காகப் பூசுவார், கிழித்த காகிதத் துண்டுகளைக் கொண்டு சாயத்தை ஒற்றுவார், பல நாட்கள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார். ஜென்னும் ரமணரும் படித்தவர் என்பதால் உடனே "தியான ஓவியம்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எனக்கென்னவோ அது தியானத்துக்குச் சமமாகக் கைத்தொழிலும்தான். எந்த அடுக்கு எவ்வளவு காய்ந்ததும் எடுக்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்தால்தான் அந்த ஓரம் வரும்.

இப்படி வரைந்தால் வருஷத்துக்கு எத்தனை தேறும்? ஐந்தாறு கேன்வாஸ். கண்காட்சி நடத்துகிற ஆளுக்குத் தலைவலிதான், சுவரை நிரப்பவே சரக்கு இருக்காது. 1984இல் விபத்து வேறு, அதற்கப்புறம் சில வருஷம் பெரிய கேன்வாஸ் பக்கமே போக முடியாமல் காகிதத்தில் சின்னதாக மையால் வரைந்தார். 2001இல் டெல்லியில் காலமானார். 2013இல் கிறிஸ்டீஸ் நிறுவனம் மும்பையில் நடத்திய ஏலத்தில் ஒரு ஓவியம் 23.7 கோடி ரூபாய்க்குப் போகிறது, அடுத்த வருஷம் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. உயிரோடு இருக்கும்போது எதை "இந்த ஆள் ஒத்துவர மாட்டார்" என்றார்களோ, அதே குறைந்த எண்ணிக்கைதான் இப்போது விலையை ஏற்றுகிறது. இதைத் தாமதமான நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தைக்குச் சரக்கு அரிது, அவ்வளவுதான்.

அவருக்கு அரூபம் என்ற சொல்லே பிடிக்காது என்பார்கள். பெரும்பாலான ஓவியங்களுக்குத் தலைப்பும் வைக்கவில்லை. 23.7 கோடிக்குப் போனதற்கும் பெயர் கிடையாது. ஏலப் பட்டியலில் "தலைப்பில்லை, 1979" என்றுதான் இருந்தது.