வெளி லைட் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது

எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். பண்டிகை முடிஞ்சு சென்னைக்கு வந்தாச்சு, நாலு நாள் போனா மனசு ஆறிடும்னு நினைச்சேன். நேத்து எங்க ஊர் சர்ச் சபையோட வாட்ஸ்அப் குரூப்புல போட்டோக்களோட ஒரு மெசேஜ். "இந்த ஆண்டு கேரல் ரவுண்ட்ஸ் அனைத்து இல்லங்களையும் சந்தித்து இனிதே நிறைவு பெற்றது. கர்த்தருக்கே மகிமை." கீழ வரிசையா ஆமென், ஆமென், ஆமென். எண்ணினேன், 64 ஆமென்.

கேரல்னா கிறிஸ்மஸுக்கு முன்னாடி ராத்திரி வீடு வீடாப் போய்ப் பாடுறது. அனைத்து இல்லங்களையும்னு போட்டிருக்காங்க. அந்த 'அனைத்து' மட்டும் இல்லாம இருந்திருந்தா நான் பேசாம இருந்திருப்பேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு என்ன நடந்ததுன்னு தெரியும், திரும்பச் சொல்லத் தேவையில்ல. சேகரம்னா ஒரே பாதிரியார் பாத்துக்கிற சபைகள். அந்தச் சேகரத் தேர்தல் முடிஞ்சதுல இருந்து சபை ரெண்டா நிக்குது. ஜெயிச்ச அணி, தோத்த அணி. எங்க சித்தப்பா மகன் தோத்த அணியில நின்னான். மஸ்கட்ல இருக்குற என் தம்பி அவனுக்கு ஆதரவா குரூப்புல நாலு வரி எழுதினான். எழுதுன விதம் சரியில்லதான், அதை அவன்கிட்டயே சொல்லிட்டேன். 23ஆம் தேதி ராத்திரி கேரல் எங்க அம்மா வீட்டைத் தாண்டிப் போயிட்டு. இவ்வளவுதான் விஷயம். சின்ன விஷயம்னு சொல்றவங்க இதோட நிறுத்திட்டு அடுத்த பதிவுக்குப் போயிரலாம்.

எங்க ஊர் கேரலுக்கு எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் ஒண்ணு உண்டு. வெளி லைட் எரியுற வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. கேரலை பஜனைன்னு சொன்ன காலத்துல அது அரிக்கேன் விளக்கு, அப்புறம் குண்டு பல்பு, இப்ப எல்.இ.டி. லைட் எரிஞ்சா அந்த வீட்ல யாரோ முழிச்சிருக்காங்க, நமக்காக முழிச்சிருக்காங்கன்னு அர்த்தம். சங்கம், அதான் சபைச் சந்தா, கட்டினவங்களா, வரி பாக்கியா, யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எந்தக் கேள்வியும் கிடையாது. லைட் எரியுதா, நில்லு. ஒரு பாட்டுப் பாடு, ஜெபம் பண்ணு, குடுக்குறதை வாங்கிக்க, கிளம்பு.

அன்னைக்கு எங்க அம்மா சாயங்காலம் 6 மணிக்கே வெளி லைட்டைப் போட்டுட்டாங்க. 78 வயசு. சுங்குடிச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கிட்டாங்க. பக்கத்து வீட்ல கேட்டு வாங்கின ஆறு பிளாஸ்டிக் சேர் திண்ணையில. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி ரெண்டு பிளாஸ்க் நிறைய. ஒரு எவர்சில்வர் தூக்குல முறுக்கு, இன்னொண்ணுல முந்திரிக்கொத்து. மூட்டு வலியோட உக்காந்து பிடிச்ச முந்திரிக்கொத்து அது. நான் பிடிக்கிறேன்னு போனா, "நீ பிடிச்சா உதிந்து போவும்"னு தள்ளி விட்டாங்க. வேதாகமத்துக்குள்ள ஒரு கவர், அதுல ஐநூறு ரூபா. கவர் மேல பென்சில்ல 'கேரல் காணிக்கை'.

ஒண்ணே முக்காலுக்கு டிரம் சத்தம் தெருமுனைக்கு வந்தது. "வந்துட்டாவட்டி, கதவைத் திற"ன்னாங்க. திறந்தேன். எதிர்வரிசையில கடைசி வீடு, அப்புறம் எங்க பக்கத்து வீடு. அங்க ஒரு பாட்டு முழுசாப் பாடினாங்க. ஜெபமும் கேட்டது, 'சமாதானம்' ரெண்டு தடவை வந்தது. டாடா ஏஸ் கிளம்புச்சு. முன்னாடி கட்டியிருந்த பிளெக்ஸ்ல 133ஆம் சங்கீதம், முதல் வசனம், சகோதரர் ஒருமித்து வாசம்பண்றது எத்தனை நன்மைங்கிற வசனம், பெரிய எழுத்துல. படிக்கிற அளவுக்கு வெளிச்சம் எங்க வீட்டு லைட்தான் குடுத்தது. வண்டி நிக்கல. பாட்டும் இல்ல. பின்னாடி நடந்து வந்த பையன்கள் எல்லாரும் ஒரே நேரத்துல போனைப் பாத்தாங்க. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த பொடியன் மட்டும் எங்க கேட்டுக்கு மேல ரெண்டு மிட்டாயை வீசிட்டு ஓடினான். முகமூடிக்குள்ள எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரியல. அவனுக்கு யாரும் லிஸ்ட் காட்டலைன்னு நினைக்கிறேன். நல்லா இருக்கட்டும்.

லைட்டை அணைக்கட்டுமான்னு கேட்டேன். "இருக்கட்டும். அந்தாக்கில சுத்திட்டுத் திரும்பி வருவாவ"ன்னாங்க. நாலு மணி வரைக்கும் எரிஞ்சது.

குரூப்புல நான் கோபமா ஒரு வரி போட்டேன். இப்ப அதுக்குப் பதில் சொல்றவங்களுக்கு வருவோம். எத்தனை பதில்!

"ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு போலீஸ் சொல்லிட்டாங்க, அவசரத்துல சில வீடு விட்டுப்போச்சு." சரி. சட்டம் அப்படித்தான், ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை கூடாது. ஆனா ஒண்ணே முக்காலுக்குப் பக்கத்து வீட்ல பாடினப்ப அந்தச் சட்டம் எங்க போச்சு? எங்க காம்பவுண்டுக்கு மட்டும் தனி ஸ்டேஷனா? விட்டுப்போன 11 வீடும் ஒரே அணி வீடா இருக்குறது அவசரத்துல எப்படி நடக்கும்னு யாராவது கணக்கு வாத்தியார் விளக்கினா கேட்டுக்கிறேன்.

"நீங்க கட்டிக்குடுத்துப் போன பொண்ணு, உங்களுக்கு இந்தச் சபையில சங்கமும் இல்ல ஓட்டும் இல்ல, நீங்க ஏன் பேசுறீங்க?" உண்மை. எனக்கு இங்க ஓட்டு இல்ல. ஆனா ஓய்வுநாள் பாடசாலையில, அதான் சண்டே ஸ்கூல்ல, ஏழு வருஷம் உங்க பிள்ளைங்களுக்கு வசனம் சொல்லிக் குடுத்தப்ப யாரும் சங்க ரசீது கேக்கல. சரி, எங்க அம்மாவுக்கு ஓட்டு இருக்கே? ஒரு வருஷம்கூடப் பாக்கி வைக்காம சங்கம் கட்டுறவங்க. யாருக்குப் போட்டாங்கன்னு எனக்கே சொல்லல. கேட்டா, "அது ஆண்டவருக்கும் எனக்கும்"ங்கிறாங்க. அவங்களை எந்த அணியில சேத்தீங்க, எதை வச்சுச் சேத்தீங்க?

அதைவிட ஒண்ணு சொல்றேன். தோத்த அணி 24ஆம் தேதி தனியா ஒரு கேரல் கிளப்பினாங்க. முதல் வீடா எங்க அம்மா வீட்டுக்கு வர்றோம்னு ஆள் விட்டாங்க. அம்மா வேண்டாம்னுட்டாங்க. "சபை கேரல்னா ஒண்ணுதான். ரெண்டாவது வந்தா அது ஊர்வலம்." சொந்தக் கொழுந்தன் மகன்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அவனும் இப்ப பேசுறதில்ல. ஆக ரெண்டு அணிக்கும் வேண்டாத வீடு இப்ப எங்க வீடுதான். ஐக்கியம்னு பிரசங்கம் பண்றவங்க இந்தக் கிழவியை ஒரு தடவை வந்து பாக்கலாம்.

"வீட்டுக்குள்ள பேச வேண்டியதை முகநூல்ல போட்டு புறமதத்தார் முன்னாடி சபையைக் கேவலப்படுத்தலாமா?" இதுக்கு எனக்குச் சிரிப்புதான் வருது. தேர்தலுக்கு வேன் வச்சு ஆள் இறக்கினப்ப, கோர்ட்டு, தடையுத்தரவுன்னு போனப்ப எல்லாம் புறமதத்தார் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாங்களா? பக்கத்துத் தெரு இசக்கியம்மன் கொடைக்கு வரி பிரிக்கிற பையன் மறுநாள் அம்மாகிட்ட வந்து, "ஏன் பாட்டி, உங்க ஆளுவ நேத்து நிக்காம போயிட்டாவ?"ன்னு கேட்டான். அவனுக்கு முறுக்கும் காப்பியும் குடுத்து அனுப்பினோம். தூக்குல அவ்வளவு மீதி இருந்துச்சு.

எனக்கு ஆத்தாமை எதுலன்னா, இந்த மண்ணுல இருந்து போனவர்தான் பிஷப் அசரியா, ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப். வெள்ளாளன்விளைக்காரர். வருஷா வருஷம் அவர் பேர்ல போட்டி வச்சு டிபன் பாக்ஸ் பரிசு குடுக்குறோம். 1910ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்குப் போய், அத்தனை வெள்ளைக்காரங்க முன்னாடி நின்னு, நீங்க பொருளைக் குடுத்தீங்க, உயிரையும் குடுத்தீங்க, எங்களுக்கு நண்பர்களைக் குடுங்கன்னு கேட்ட மனுஷன். 1919ல தரங்கம்பாடியில சபைகள் ஒண்ணாகணும்னு கூடிப் பேச ஆரம்பிச்சாங்க. 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாம் ஒரே சபை ஆச்சு, அதுதான் சி.எஸ்.ஐ. 28 வருஷம் பேசியிருக்காங்க! பிஷப் வேணுமா வேண்டாமா, ஒருத்தர் அபிஷேகம் பண்ணின குருவை இன்னொருத்தர் ஏத்துக்கலாமான்னு. அதைப் பாக்க அசரியா இல்ல, 1945 ஜனவரி 1ஆம் தேதியே போயிட்டார். அந்த 28 வருஷத்துப் பேச்சுல உண்டான சபைக்கு, ரெண்டு தெருவுக்கு நடுவுல ஒரு டாடா ஏஸை நிறுத்த முடியல.

இந்தப் பத்தியோட முடிச்சிருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும். போட்ட லைக்குக்கு நன்றின்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா குரூப்புல நான் கோபமா ஒரு வரி போட்டதைப் பாத்துட்டு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல வந்தான். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், காலனிக்காரன். ஒரே சேகரம், ஒரே ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்), ஆனா தனி ஆலயம். எங்க கேரல் வண்டி பாலத்துக்கு முன்னாடியே ரிவர்ஸ் எடுத்துரும், எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான். அவன் எழுதினது ஒரே வரி: "அக்கா, எங்க வீட்லயும் வெளி லைட் எரியுது, நான் பிறந்ததுல இருந்து."

அவங்களுக்குத் தனிக் கேரல் இருக்கே, அவங்க ஆலயத்துல இருந்து வருமேன்னு டைப் பண்ணினேன். அனுப்பல. வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம்னு சுவர் எழுப்பி, கால்சட்டை மாதிரி ரெண்டு காலா கட்டி வச்சிருந்ததைச் சொல்லி, நாங்க சின்ன வயசுல கத்தோலிக்கப் பிள்ளைங்களைக் கிண்டல் பண்ணுவோம். அவங்க அந்தச் சுவரை 1910லயே இடிச்சுட்டாங்க. அசரியா எடின்பரோவுல பேசின அதே வருஷம். எங்க பாலத்தை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. அந்தத் தம்பிக்குப் பதில் இன்னும் போடல. இதைப் பத்தித் தனியா எழுதுறேன். எழுதணும்.

கடைசியா போன்ல வந்த அடி. அத்தை மகன் ஒருத்தன், ஜெயிச்ச அணி. "உங்க அப்பா செய்யாததையா நாங்க செஞ்சுட்டோம்? ஓலைப்பெட்டி கதை ஊருக்கே தெரியும் மைனி"ன்னான்.

தெரியும். எனக்கும் தெரியும். 1987. நான் எட்டாம் கிளாஸ். அப்பா கமிட்டி செக்ரட்டரி. ஒரு குடும்பம் சபை நிலத்து மேல கேஸ் போட்டிருந்தாங்க. பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு, அதான் சபையோட பொதுச் சாப்பாட்டுக்கு, எல்லா வீட்டையும் போல அவங்களும் வரியா ஓலைப்பெட்டியில அரிசி அனுப்பினாங்க. அப்பா வாங்கல. திருப்பி அனுப்பினார். வரி வாங்கலைன்னா எங்க ஊர்ல அந்த வீட்டை ஒதுக்கி வச்சாச்சுன்னு அர்த்தம். அந்த ஓலைப்பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டுப் போய் அவங்க வாசல்ல இறக்கிட்டு வந்தது நான்தான். அந்த வீட்டு ஆச்சி ஒண்ணும் சொல்லல. பெட்டியை வாங்கி வச்சுட்டு, "வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிச்சுட்டுப் போ பிள்ளே"ன்னாங்க. நான் குடிக்காம ஓடி வந்துட்டேன்.

ஆனா அது கேஸ் விஷயம், இது தேர்தல் விஷயம், ரெண்டும் வேற. அப்பா மூணு வருஷம் கழிச்சு அவரே அவங்க வீட்டுக்குப் போய் அசனத்துக்குக் கூப்பிட்டார், அதை மட்டும் எவனும் சொல்ல மாட்டான். அப்படின்னு போன்லயே கத்தினேன். வச்சதுக்கு அப்புறம் யோசிச்சா, வேற ஒண்ணும் இல்லதான். மூணு வருஷம் அவங்க வீட்ல பண்டிகை அன்னைக்கு என்ன சமைச்சிருப்பாங்க?

இருந்தாலும் ஒண்ணு. அப்பா இறந்த வருஷம், 2016, அம்மா வெளி லைட்டைப் போடல. துக்க வீடு, வர மாட்டாங்கன்னு உள்ளயே படுத்திருந்தாங்க. ரெண்டு மணிக்கு டிரம் இல்லாம, ஸ்பீக்கர் இல்லாம, செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டுல நின்னு ஒரு பாமாலை, மெதுவா. ஜெபம். அவ்வளவுதான், போயிட்டாங்க. ஓலைப்பெட்டி வீட்டு ஆளும் அதுல நின்னார், குரலை வச்சே அம்மா சொன்னாங்க. இதே சபைதான் அதுவும். லைட் எரியாதப்ப வந்தவங்களுக்கு எரியுறப்ப என்ன வந்தது?

26ஆம் தேதி சாயங்காலம் செந்தூர் எக்ஸ்பிரஸ் பிடிக்கக் கிளம்பினேன். அம்மா வேதாகமத்துல இருந்து அந்தக் கவரை எடுத்து என் கையில வச்சாங்க. "கேரல் காணிக்கை குடுக்காம இருந்தா நல்லாருக்காது. போற வழியில செக்ரட்டரி வீட்ல குடுத்துட்டுப் போயிரு." சரின்னேன். ஆட்டோ அவர் வீட்டுத் தெரு வழியாத்தான் போச்சு. அவர் வீட்டு வெளி லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்தது, திண்ணையில யாரோ உக்காந்திருந்தாங்க. நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லல.

கவர் இப்ப என் ஹேண்ட்பேக்ல இருக்கு. குடுத்துட்டியான்னு அம்மா போன்ல கேட்டாங்க. குடுத்துட்டேன்னு சொன்னேன்.