இரண்டாவது ஆர்சி விமானத்துக்கு நேர் இறக்கைக் கிட்டையே எடுங்கள்

ரேடியோ ரிமோட்டால் இயக்கும் ஆர்சி விமானங்களில், முதலில் பழகுவதற்கான ட்ரெய்னரைத் தனியாக ஏற்றி இறக்கப் பழகியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இரண்டாவதாக எந்தக் கிட் வாங்கிக் கட்டலாம்?" கேட்கும்போதே மனதுக்குள் ஒரு பதிலும் இருக்கும். மஸ்டாங், இல்லாவிட்டால் ஸ்பிட்ஃபயர். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். நம்மில் பலரை இதற்குள் இழுத்து வந்ததே அந்த இரண்டாம் உலகப் போர் விமானங்கள்தான். ஆனாலும் என் பதில் மாறாது. இரண்டாவது விமானம், அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலம் உள்ள நேர் இறக்கையோடு சாதாரண ஸ்போர்ட் விமானமாக இருக்கட்டும். அதையும் உங்கள் கையாலேயே கட்டுங்கள். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். ஆர்வமாக வந்தவர்கள் இரண்டாவது விமானத்தோடு மனம் விட்டுப்போய் ஒதுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

முதலில் ட்ரெய்னர் நமக்காக என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று பார்ப்போம். இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரண்டு பக்கமும் நுனியை நோக்கிச் சற்று மேலே சாய்ந்திருக்கும்; இதைத்தான் டைஹெட்ரல் என்கிறோம். பெரும்பாலும் இறக்கையின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். இவையெல்லாம் சேர்ந்து, ரிமோட்டின் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் விமானம் மெல்லத் தானாகவே நிமிர்ந்துவிடும். இரண்டாவது விமானம் கற்றுத்தர வேண்டியது இதற்கு அடுத்த பாடத்தை. சாய்த்தால் சாய்ந்தபடியே நிற்க வேண்டும், திரும்ப நிமிர்த்துவது உங்கள் வேலையாக இருக்க வேண்டும். மேலும் கீழும் வளைந்த இறக்கை வடிவமும் குறைந்த டைஹெட்ரலும் இருந்தால் இது கிடைத்துவிடும். தலைகீழாகப் பறக்கவும் அது இடம் கொடுக்கும். த்ராட்டிலைக் கூட்டியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும் ட்ரெய்னர் குணமும் நன்றாகக் குறைந்துவிடும்.

ஆனால் இறங்கும் வேகம் ட்ரெய்னரை ஒட்டியே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களைத் திணிக்கக் கூடாது. போர் விமான மாதிரிகள் இரண்டாவதாக ஒத்துவராமல் போவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.4 கிலோ எடையும் 40 சதுர டெசிமீட்டர் இறக்கைப் பரப்பும் உள்ள ஸ்போர்ட் விமானத்துக்கு, ஒரு சதுர டெசிமீட்டருக்கு 60 கிராம் சுமை. இதுதான் இறக்கைச் சுமை. அதே அளவுப் போர் விமான மாதிரியில் பரப்பு 36 சதுர டெசிமீட்டர், எடை 3.24 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுமை 90 கிராம், அதாவது ஒன்றரை மடங்கு. வேகம் குறைந்து இறக்கை தூக்கும் பிடிப்பை இழப்பதை ஸ்டால் என்கிறோம். ஸ்டால் ஆகும் வேகம் இந்தச் சுமையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். எனவே மற்றதெல்லாம் சமமாக இருந்தால் அந்தப் போர் விமான மாதிரியை ஏறக்குறைய 22 சதவீதம் அதிக வேகத்தில் இறக்க வேண்டியிருக்கும். அது பெரிய விஷயமா என்று தோன்றலாம். எடையும் கூடியிருப்பதால் தரையைத் தொடும்போது அது சுமந்து வரும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. லேண்டிங் கியர் பிய்ந்து வருவதும் மூக்கில் மோட்டாரைத் தாங்கும் பலகையான ஃபயர்வால் விரிசல் விடுவதும் இதனால்தான். கிட் வாங்கும் முன் எடையையும் பரப்பையும் பார்த்து இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிடுங்கள். 65 கிராமைத் தாண்டினால், இந்த அளவு விமானத்துக்கு, நான் இரண்டாவதாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி இறக்கையின் வடிவம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நேர் இறக்கையில் வேகம் குறையும்போது ஸ்டால் முதலில் நடுப்பகுதியில், உடலை ஒட்டித் தொடங்கும். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, நுனியின் பின்விளிம்பில் உள்ள அசையும் பலகைகளான ஏலரான்களுக்கு அப்போதும் பிடிப்பு இருக்கும். மூக்கு நேராகக் கீழே இறங்கும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரை நீங்கள் தளர்த்தினால் வேகம் பிடித்துக்கொள்ளும். நுனி நோக்கி நன்றாகக் குறுகும் இறக்கையில் நுனியே முதலில் ஸ்டால் ஆகக்கூடும். ஒரு பக்கம் சட்டென்று விழும். பதற்றத்தில் எதிர்ப்பக்க ஏலரான் கொடுப்பீர்கள். விழுந்த பக்கத்தில் ஏலரான் கீழே இறங்கி, அந்த நுனி காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை, அதாவது தாக்குகோணத்தை, இன்னும் கூட்டி, ஸ்டாலை மோசமாக்கும். இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில் இது நடந்தால் மீட்க உயரமே இருக்காது. இதைத் தவிர்க்கத்தான் அத்தகைய இறக்கைகளில் நுனியின் பின்விளிம்பை இரண்டு மூன்று டிகிரி மேலே முறுக்கிக் கட்டுவார்கள். வாஷ்அவுட் என்று பெயர். அதை இரு பக்கமும் சமமாகக் கொண்டுவருவது அனுபவம் கேட்கும் வேலை. சமமாக வராவிட்டால் ஒரே பக்கமாக விழும் விமானம் கிடைக்கும்.

கட்டுவதிலும் நேர் இறக்கை இதே அளவு உதவுகிறது. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான ரிப் எல்லாம் ஒரே அளவு. மொத்தமாக அடுக்கி ஊசி குத்திச் சேர்த்துத் தேய்த்தால் இறக்கையின் நீளத்துக்கு ஓடும் சட்டங்களான ஸ்பார்களுக்குரிய காடிகள் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். பின்னால் எப்போதாவது இறக்கை உடைந்தால், மிஞ்சிய ஒரு ரிப்பை பால்சா என்ற லேசான மரப் பலகைமேல் வைத்து வரைந்து புதிதாக வெட்டிக்கொள்ளலாம். எடை மையத்தைக் குறிப்பதும் எளிது. இறக்கையின் அகலம் 25 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதம், அதாவது 6.25 முதல் 7.5 சென்டிமீட்டருக்குள். முதல் பறப்புக்கு முன்பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது அவசரப்படக் கூடாத இடங்கள் சில உண்டு. மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே வைக்கும் ஷியர் வெப் துண்டுகளின் இழை செங்குத்தாக நிற்க வேண்டும். டைவிலிருந்து மூக்கைத் தூக்கும்போது மேல் ஸ்பார் நசுக்கப்படும், கீழ் ஸ்பார் இழுக்கப்படும். அந்தத் துண்டுகள் இல்லாவிட்டால் மேல் ஸ்பார் வளைந்து மடங்கிவிடும். இரண்டு பாதியையும் சேர்க்கும் நடு இணைப்புக்கு வேகமாக இறுகும் பசை வேண்டாம், 30 நிமிட எபாக்ஸியே சரி. வாலுக்கு எடை குறைந்த பால்சாவைத் தேர்ந்தெடுங்கள். எடை மையத்திலிருந்து வாலுக்கு உள்ள தூரம் மூக்குக்கு உள்ளதைப்போல் மூன்று மடங்கு என்றால், வாலில் கூடும் 30 கிராமுக்கு மூக்கில் 90 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். அப்புறம், இறக்கைக்கு மேலுறையாக ஃபிலிம் ஒட்டிச் சூடு காட்டியபின் பின்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சட்டம் நேராக இருந்தாலும் ஃபிலிம் சுருங்கும்போது முறுக்கு வரக்கூடும். எதிர்த்திசையில் சற்று முறுக்கிப் பிடித்து மறுபடி சூடு காட்டினால் சரியாகிவிடும்.

சரி, எந்தக் கிட்? ஸ்டிக் வகைதான் என் முதல் தேர்வு. 1967-இல் ஆர்சி ஏரோபாட்டிக்ஸ் உலகப் பட்டம் வென்ற ஃபில் கிராஃப்ட் வடிவமைத்த அக்லி ஸ்டிக்கின் வழிவந்தவை இவை. உடலின் மேல்புறத்தில் உட்காரும் நேர் இறக்கை, தட்டைப் பலகைகளால் ஆன உடல். அழகுக்காக யாரும் இதை வாங்குவதில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக ஸ்டிக் என்ற பெயரிலேயே எத்தனையோ கிட்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கீழ் இறக்கைதான் வேண்டும் என்று மனம் கேட்டால், சிக் நிறுவனத்தின் ஃபோர் ஸ்டார் 40 அருமையான வடிவமைப்பு. ஏறக்குறைய 60 அங்குல நேர் இறக்கை, பெரிய ஏலரான்கள், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். பைப்பர் கப்பைச் சிலர் சொல்வார்கள். எனக்கும் பிடித்த விமானம்தான். ஆனால் ஏலரான் மட்டும் கொடுத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் போகும் குணம் அதற்கு உண்டு, மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையான ரடரைச் சேர்த்துப் பழகாதவர்களுக்கு அது பிறகு வரட்டும்.

வால் சக்கரமா மூக்குச் சக்கரமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வால் சக்கர விமானத்தில் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால் ஓடும்போது திரும்பிக்கொள்ளப் பார்க்கும். ரடரை உடனுக்குடன் சின்னச் சின்னதாகக் கொடுக்கப் பழகினால் போதும்.

மின்மோட்டார் பொருத்துகிறவர்கள் பசையைத் தொடுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பழைய வடிவமைப்புகள் பல எரிபொருள் எஞ்சினுக்காக வரையப்பட்டவை. டேங்க் இருந்த இடத்தில் பேட்டரி வைத்தால், ஒவ்வொரு முறையும் மாற்ற இறக்கையைக் கழற்ற வேண்டியிருக்கும். மூக்கின் மேல்பக்கம் திறக்கும் மூடி ஒன்றை உடல் கட்டும்போதே அமைத்துவிடுங்கள், ஃபிலிம் ஒட்டியபின் வெட்டுவது பெரும் தொல்லை. சக்திக்கு, ஒரு கிலோவுக்கு 200 முதல் 250 வாட் என்று கணக்கு வையுங்கள். 2.4 கிலோவுக்கு 500 முதல் 600 வாட் போதும். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் அது ஏறக்குறைய 35 முதல் 40 ஆம்பியர், ஸ்பீட் கன்ட்ரோலர் 60 ஆம்பியர் இருந்தால் நிம்மதி. காற்று உள்ளே வரும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாக இருக்கட்டும்.

"ஃபோம் விமானம் ஒரு மாலையில் தயார், இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பறந்து பழக ஃபோம் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கனவு அந்த மஸ்டாங் என்றால், அதைக் கட்டத் தேவையான கைப்பழக்கம் ஃபோமில் வராது. முறுக்கில்லாமல் இறக்கை கட்டுவது, கீலை நேராகப் பதிப்பது, வளைவில் ஃபிலிமைச் சுருக்கமின்றி இழுப்பது, இதெல்லாம் நேர் இறக்கையில் கற்றுக்கொண்டால் மூன்றாவது விமானமாக மஸ்டாங்கைத் தாராளமாக மேசையில் ஏற்றலாம். நானே முதல் ஆளாக ஊக்கம் கொடுப்பேன்.

கையில் கிட் இருந்து குழம்பிக்கொண்டிருப்பவர்கள், பிளானில் உள்ள இறக்கை நீளம், அடி அகலம், நுனி அகலம், பறக்கும் எடை நான்கையும் இங்கே எழுதுங்கள். கணக்குப் போட்டு, இரண்டாவதாக எடுக்கலாமா என்று என் கருத்தைச் சொல்கிறேன்.